தண்ணி தள்ளுது டீச்சர்

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை சேர்ந்து உட்காரும் ஓர் அறையில் ‘மிதப்பவை, மூழ்குபவை’ பாடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பாடத்தை நான் 11 வருடம் ஒரே மாதிரிதான் நடத்தி வந்தேன். வகுப்பு நடுவில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப், அது நிறையத் தண்ணீர். பக்கத்தில் ஒரு கூடையில் கல், இலை, சாவி, பென்சில், கொட்டாங்குச்சி, ஸ்பூன். ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவேன். பிள்ளைகள் சுற்றி நின்று “மிதக்குது”, “மூழ்குது” என்று கத்துவார்கள். கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு எழுதிவிடுவேன். முக்கால் மணி நேரத்தில் பாடம் முடியும், எல்லோருக்கும் சந்தோஷமாகவும் இருக்கும். செய்து பார்த்துக் கற்பது என்றால் இதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு வருடம் அதே பாடத்தில், அதே டப்பைச் சுற்றி, மூன்று பிள்ளைகளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதைப் பார்த்தேன். அடுத்த ஆறு வாரத்தில் அந்த ஒரு பாடத்தை எப்படியெல்லாம் மாற்றினேன், எது கைகூடியது, எது கூடவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் யாருக்காவது இதில் ஒரு சின்ன விஷயம் பயன்பட்டாலும் போதும்.

அறையும் பிள்ளைகளும்

டெல்டாவில், வாய்க்கால் கரையை ஒட்டிய ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. முதல் மூன்று வகுப்புகள் என்னிடம், நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். என் அறையில் அந்த வருடம் 21 பேர், 5 வயதிலிருந்து 8 வயது வரை. 2022இல், சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து எந்த வகுப்பு என்று பார்க்காமல், கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்காரவைக்கிறோம். அதற்கு முன்பு செயல்வழிக் கற்றல் அட்டைகளோடு பழகியவள் நான். ஆந்திரத்தில் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சின்னக் கிராமப் பள்ளிகளுக்காக உருவான பாட அட்டையும், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படியும், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007இல் மாநிலம் முழுக்கப் பரவிய முறை அது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்காருவது, அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில் போவது, இதெல்லாம் எங்கள் அறைக்குப் புதிதில்லை. அதனால்தான் நான் தவறவிட்டது எனக்கே அவ்வளவு தாமதமாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஊரில் கூப்பிடுவது போலவே சொல்கிறேன்.

பூக்காரம்மா மகளுக்கு 8 வயது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியும், உருவம் எதுவும் தெரியாது. சாயங்காலம் அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து முல்லை தொடுப்பாள். எத்தனை கண்ணி கட்டியிருக்கிறாள் என்பதை விரலாலேயே எண்ணுவாள், முழம் அளந்தால் ஒரு கண்ணி கூடவும் வராது, குறையவும் வராது.

டிராக்டர்காரர் மகனுக்கு 7 வயது. இரண்டு காதிலும் மிஷின் போட்டிருக்கிறான். எதிரில் நின்று நிதானமாகப் பேசினால் வாயசைவைப் பார்த்துப் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்வான்.

டீக்கடை வீட்டுப் பையனுக்கு 6 வயது. ஆட்டிசம் இருக்கிறது. இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசமாட்டான். திடீர்ச் சத்தம் தாங்காது. கையில் ஈரமோ பசையோ பட்டால் அழுதுவிடுவான். ஆனால் கடையில் கண்ணாடி கிளாஸ்களை அவன் அடுக்கிவைக்கும் ஒழுங்கைப் பெரியவர்களாலும் செய்ய முடியாது.

இவர்கள் மூவருக்கும் என் அறையில் இடம் உண்டு என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்தே படிக்க வழிசெய்யச் சொல்கிறது. வருகைப் பதிவேட்டில் மூன்று பெயரும் இருந்தன. டப்புக்குள் மூன்று பேரின் கையும் இல்லை.

முதல் நாள்

நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பூக்காரம்மா மகளுக்குப் பக்கத்தில் ஒரு மூன்றாம் வகுப்புப் பெண்ணை உட்காரவைத்து, நடப்பதைச் சொல்லிக்கொண்டே வரச் சொல்லியிருந்தேன். அது நல்ல ஏற்பாடு என்று எனக்குத் திருப்தி வேறு. “கல்லு மூழ்கிடுச்சு, இலை மிதக்குது, சாவி மூழ்கிடுச்சு” என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் நான் கேட்டபோது பூக்காரம்மா மகள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். நான் டிக் போட்டேன். அவ்வளவு நேரமும் அவள் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள்.

டிராக்டர்காரர் மகன் டப்பிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றான். கிட்டே வா என்று கூப்பிட்டேன், தலையை ஆட்டினான். ஆர்வம் இல்லை போல என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் அவன் அம்மா சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. “மிஷினு நனைஞ்சா கெட்டுப்போயிடும், தண்ணி பக்கமே போகாதேன்னு அவங்கப்பா சொல்லி வச்சிருக்காரு டீச்சர்.” பையன் அப்பா சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறான், நான் அதற்கு ஆர்வமின்மை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

டீக்கடை வீட்டுப் பையன் முதல் “மூழ்குது” சத்தத்திலேயே காதைப் பொத்திக்கொண்டு வராண்டாவுக்கு ஓடிவிட்டான். பாடம் முடியும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

வியாழக்கிழமைதோறும் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பு ஆசிரியை ஒருவர் வருவார். அவரிடம் இதைச் சொன்னேன். பூக்காரம்மா மகள் எல்லாம் சரியாகச் சொன்னாள் என்பதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் கேட்டார்: “கல் மூழ்கும்னு அவ சொன்னது சரி. மூழ்குறதுன்னா என்னன்னு அவளுக்குத் தெரியுமா டீச்சர்?”

பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி வீட்டில் வாளியில் தண்ணீர் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கல் விரலை விட்டதும் காணாமல் போனது, வாளியின் அடியில் ‘டொக்’ என்றது. கொட்டாங்குச்சி உள்ளங்கைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரு வெறும் சொம்பை, வாய் மேலே இருக்க, மெல்லத் தண்ணீருக்குள் அழுத்தினேன். அழுத்த அழுத்தக் கையை மேலே தள்ளியது. ஆழம் போகப் போகத் தள்ளலும் கூடியது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே புகுந்ததும் சட்டென்று பாரமாகிக் கீழே போனது.

11 வருடத்தில் ஒருமுறைகூட இந்தத் தள்ளலைப் பிள்ளைகளின் கைக்கு நான் கொடுத்ததில்லை. கண்ணால் பார்ப்பவர்களுக்கு மிதக்கிறது அல்லது மூழ்குகிறது என்ற முடிவு மட்டும்தான் கிடைக்கிறது. அந்த முடிவுக்குக் காரணமான விசை கைக்குத்தான் தெரியும். உயர் வகுப்பில் மேல்நோக்கு விசை என்று படித்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். அதை முதன்முதலாகத் தொட்டது அந்த ராத்திரிதான்.

மாற்றியவை

ஒரு பெரிய டப்புக்குப் பதிலாக ஐந்து சின்ன பேசின். நான்கு பேருக்கு ஒன்று என்ற கணக்கு. பாதி மட்டும் தண்ணீர், அதனால் தெறிப்பது குறைந்தது. டிராக்டர்காரர் மகனின் அம்மாவை வகுப்புக்கே வரச்சொல்லி, அவன் எங்கே உட்காருவான், தண்ணீர் எவ்வளவு உயரம் என்று காட்டினேன். அவர் பார்த்துவிட்டு மகன் முகத்துக்கு நேரே நின்று “போடா தம்பி, கையை விடு” என்று சைகையோடு சொன்ன பிறகுதான் அவன் கையை விட்டான். நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது.

பேசும்போது ஜன்னலுக்கு எதிரே நின்று பேசப் பழகினேன். வெளிச்சம் என் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழுந்தால் வாயசைவு இருட்டில் போய்விடும். தண்ணீரில் கை இருக்கும்போது நான் எதுவும் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தேன். பிள்ளையின் கண் பேசினில் இருக்கும்போது சொல்லும் சொல் அவனுக்குப் போய்ச் சேராது.

டீக்கடை வீட்டுப் பையனுக்குக் கதவுக்குப் பக்கத்தில் இடம். அவன் வீட்டிலிருந்தே நீளக் கைப்பிடி வைத்த டீ வடிகட்டியும் ஓர் இடுக்கியும் வாங்கி வந்தேன். கை நனையாமல் பொருளைப் போடலாம், எடுக்கலாம். அன்று என்ன நடக்கும் என்பதை நான்கு படமாக வரைந்து முந்தின நாளே அவனிடம் காட்டிவிட்டேன். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் அவனுக்குப் பாதிப் பயம் போய்விடும். ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கையால் செய்யும் பாடம் என்றாலே அது எல்லோருக்கும் ஆன பாடம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பையனை வெளியே துரத்தியது அந்தக் கைவேலையேதான்.

எழுதுவதை முதலில் எடுத்துவிட்டேன். மிதந்தவற்றை ஒரு தட்டில், மூழ்கியவற்றை இன்னொரு தட்டில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் பதிவு. மிதப்பவை தட்டின் விளிம்பில் சணல் சுற்றியிருக்கும், எது எந்தத் தட்டு என்று தொட்டாலே தெரியும். இதனால் இன்னும் எழுத்து வராத அரும்புப் பிள்ளைகளுக்கும் முதன்முறையாகச் சொந்தமாக ஒரு பதிவு கிடைத்தது. அவர்களுக்காக நான் இதைச் செய்யவே இல்லை.

இரண்டாவது முறை

பொருளைத் தண்ணீரில் போடுவதற்கு முன் ஒவ்வொருவரும் கையில் வாங்கி எடை பார்த்து, என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். ஒரு மட்டைத் தேங்காயும் ஓர் இரும்பு ஆணியும் கொடுத்தேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதில்: தேங்காய் கனம், அதனால் மூழ்கும். ஆணி லேசு, மிதக்கும். சின்னப் பிள்ளைகள் இப்படித்தான் யோசிப்பார்கள் என்று 1950களிலேயே ஜெனீவாவில் பார்பெல் இன்ஹெல்டரும் ஜான் பியாஜேயும் மிதக்கும் பொருள்களை வைத்தே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் தவறாகச் சொல்வதில்தான் பாடம் ஆரம்பிக்கிறது, நாம் அவசரப்பட்டுத் திருத்தாமல் இருந்தால்.

தேங்காய் மிதந்தது. ஆணி போய்விட்டது. சிலர் ஆணியை வெளியே எடுத்து மறுபடியும் மறுபடியும் போட்டார்கள். ஒரு பையன் ஆணியைப் படுக்கவைத்துப் போட்டுப் பார்த்தான்.

அப்புறம் சொம்பு. பூக்காரம்மா மகளிடம் கொடுத்து, மெல்லக் கீழே அழுத்து என்று மட்டும் சொன்னேன். இரண்டு கையாலும் அழுத்தினாள். பாதி போனதும் நிறுத்தினாள். மறுபடி அழுத்தினாள். கையைத் தளர்த்தினாள், சொம்பு எழும்பி வந்தது. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஏதோ கேட்பது போலக் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு சொன்னாள்: “தண்ணி தள்ளுது டீச்சர்.”

பக்கத்தில் இருந்தவர்கள் உடனே கையை நீட்டினார்கள். சொம்பு கைமாறிக் கைமாறிப் போனது. ஐந்து பேசினிலும் டம்ளர், டிபன் பாக்ஸ், மூடிய தண்ணீர் பாட்டில் என்று கிடைத்ததையெல்லாம் அழுத்த ஆரம்பித்தார்கள். நான் பாடக்குறிப்பில் அந்த நிமிடத்துக்கு வேறு ஏதோ எழுதியிருந்தேன். அதை விட்டுவிட்டேன்.

இதில் எனக்கு வியப்பு இருந்தாலும் இது புதுமை ஒன்றும் கிடையாது. மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் சான் லோரென்சோ குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் தொடங்குவதற்கு முன்பே, மனவளர்ச்சிக் குறைபாடு உடையவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்திருந்தார். இட்டார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகச் செய்த தொட்டுணரும் கருவிகளை எடுத்து வளர்த்தார். அந்தக் கருவிகள்தான் பிறகு உலகம் முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் போயின. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கி, கொடைக்கானலில் சில வருடம் இருந்து, மலையில் செடி கொடிகளையும் இலைகளையும் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பாடம் நடத்தியவர். இந்த வரலாறு நம் மண்ணிலும் கொஞ்சம் நடந்திருக்கிறது என்பது எனக்குப் பிடிக்கும்.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். கீரட் வெர்மை, நெதர்லாந்தில் 1946இல் பிறந்தவர். மூன்று வயதில் பார்வை முழுவதும் போய்விட்டது. குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, நான்காம் வகுப்பில் அவருடைய ஆசிரியை ஃபுளோரிடா கடற்கரையிலிருந்து கொண்டுவந்த சிப்பிகளை வகுப்பு ஜன்னல் மேடையில் வைத்திருந்தார். அவற்றைத் தொட்டுப் பார்த்த பையன், பிற்காலத்தில் சங்கு சிப்பிகளின் பரிணாமத்தை விரலாலேயே படித்த பெரிய விஞ்ஞானி ஆனார். ஓட்டில் நண்டு உடைத்த தழும்பையும், அதற்கு எதிராக ஓடு தடித்ததையும் தொட்டே கண்டுபிடித்தவர். ஜன்னல் மேடையில் நாலு சிப்பியை வைக்க எந்த ஆசிரியருக்கும் முடியும்.

ஒருவருக்குத் திறந்தது இன்னொருவருக்குச் சாத்தியது

கத்தலைக் குறைக்க வேண்டும். அதற்குச் சிறப்பு ஆசிரியை ஒரு வழி சொன்னார். மிதந்தால் விரித்த உள்ளங்கையை மேலே காட்டுவது, மூழ்கினால் மூடிய கையைக் கீழே இறக்குவது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டாக இருந்தது. அறை அமைதியானது. டிராக்டர்காரர் மகனுக்கு நடப்பது எல்லாம் முதல்முறையாக முழுசாகப் புரிந்தது. டீக்கடை வீட்டுப் பையன் வராண்டாவுக்குப் போகவே இல்லை. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

பத்து நிமிடம் கழித்துப் பூக்காரம்மா மகள் கேட்டாள்: “டீச்சர், எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்களா?”

அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியாது. ஐந்து வயதுப் பிள்ளைகள் முதல் நான் வரை எல்லோரும் சந்தோஷமாகக் கையைக் காட்டிக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் வெறும் அறை.

தீர்வு அவள் பக்கத்தில் உட்காரும் மூன்றாம் வகுப்புப் பெண்ணிடமிருந்து வந்தது. அவள் பெஞ்சில் விரலால் ஒரு தட்டுத் தட்டி “இது மிதக்குறது”, இரண்டு தட்டுத் தட்டி “இது மூழ்குறது” என்று தோழிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேசின்களைத் தரையிலிருந்து எடுத்து மரப் பெஞ்சுகளில் வைத்தோம். ஒரு தட்டு, இரண்டு தட்டு. பூக்காரம்மா மகளுக்குக் காதில் கேட்டது. டிராக்டர்காரர் மகனுக்குப் பெஞ்சில் வைத்த உள்ளங்கையில் அதிர்வாக வந்தது. கைச் சைகையும் தட்டலும் சேர்ந்தே நடந்தன. டீக்கடை வீட்டுப் பையன் அவனுடைய குழுவின் தட்டுபவனாகத் தானாகவே ஆகிவிட்டான். ஒருமுறைகூடத் தப்பாகத் தட்டியதில்லை. யாராவது விளையாட்டுக்கு மூன்று தட்டினால் மட்டும் அவனுக்கு மனசு தாங்காது, அதை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரே அறையில் பல பிள்ளைகள் இருக்கும்போது ஒருவருக்கு என்று செய்வதை மற்ற இருவரின் இடத்திலும் உட்கார்ந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை இந்தப் பத்து நிமிடம்தான் எனக்குக் காட்டியது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் இது எனக்குப் புரிந்ததில்லை.

தாத்தாவின் முட்டை

மூன்றாவது வாரத்தில் ஓர் இரண்டாம் வகுப்புப் பெண், “எங்க தாத்தா முட்டையை உப்புத் தண்ணியில மிதக்க வைப்பாரு” என்றாள். விதைநெல் தேர்வு செய்வதைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. தாத்தாவையே பள்ளிக்கு அழைத்தேன்.

வாளியில் 10 லிட்டர் தண்ணீர், ஒன்றரை கிலோ கல்லுப்பு, ஒரு புது முட்டை, ஒரு மரக்கால் நெல் எல்லாம் அவரே கொண்டுவந்துவிட்டார். முட்டை பழசாக இருந்தால் வெறும் தண்ணீரிலேயே எழும்பிவிடும், அதனால் காலையில் இட்டதையே எடுத்து வந்திருந்தார். முட்டையை முதலில் வெறும் தண்ணீரில் போட்டார். அடிக்குப் போனது. இரண்டு தட்டு. உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினார். பூக்காரம்மா மகளின் விரல் முட்டைமேல் இருந்தது. “அசையுது… எழுந்திரிச்சிருச்சு… வெளிய வருது.” அவள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் தட்டினார்கள். அன்று வகுப்புக்கு வர்ணனை சொன்னது அவள்தான்.

“நாலணா அளவு வெளிய தெரியணும் டீச்சரம்மா, அதுதான் பதம்” என்றார் தாத்தா. 2011இல் செல்லாமல் போன 25 காசு நாணயம் அது, என் பிள்ளைகள் ஒருவரும் பார்த்ததில்லை. தாத்தா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார். டிராக்டர்காரர் மகன் அதை முட்டைமேல் பிடித்துப் பார்த்தான். பூக்காரம்மா மகள் நாணயத்தை ஒரு கை விரலிலும் முட்டையின் வெளித்தெரியும் பாகத்தை இன்னொரு கை விரலிலும் தடவி, “இன்னும் கொஞ்சம் உப்பு வேணும் தாத்தா” என்றாள். தாத்தா குனிந்து பார்த்துவிட்டு, ஒரு பிடி போட்டார்.

பதம் வந்ததும் முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினார். நல்ல நெல் அடியில் தங்க, பதரும் அரைகுறை மணியும் மேலே வந்தன. டீக்கடை வீட்டுப் பையன் வடிகட்டியோடு வந்து அவற்றை வழித்து எடுத்தான். கை நனையாமல் செய்யக்கூடிய வேலை, அதுவும் அவனுக்குக் கைவந்த வேலை. ஒன்றுகூட விடவில்லை. அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசினோம், உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும் என்று தாத்தா சொன்னார். முட்டையைத் தொட்ட எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம்.

மூழ்கிய நெல்லை ஐந்து கொட்டாங்குச்சியிலும் மிதந்ததை ஐந்திலும் விதைத்தோம். மிதந்ததிலும் சில முளைத்தன. “தாத்தா சொன்னது தப்பா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். இரண்டு வாரம் அதை ஒட்டியே போனது. நாற்றுகளின் உயரத்தை நூலில் அளந்து, நூலைத் தாளில் ஒட்டி, தொட்டுப் படிக்கும் வரைபடம் ஒன்று செய்தோம். மூழ்கியதிலிருந்து வந்த நாற்றின் நூல்கள் நீளமாக இருந்தன, பூக்காரம்மா மகள் ஒரே தடவலில் சொல்லிவிட்டாள்.

சரியாக வராதவை

அந்த நூல் வரைபடத்தின் பசை காய ஒரு நாள் பிடித்தது, பாதி நூல் உரிந்து வந்துவிட்டது. இப்போது முதலில் மாவுப் பசை தடவி, மேலே ஒரு மெல்லிய துணியை வைத்து அழுத்தி எடுக்கிறேன். கொஞ்சம் தேவலை.

களிமண் படகுச் செயல்பாடு டீக்கடை வீட்டுப் பையனுக்கு ஒத்துவரவில்லை. உருண்டையாகப் போட்டால் மூழ்கும் களிமண், கிண்ணமாகக் குழித்தால் மிதப்பது இந்தப் பாடத்திலேயே அருமையான இடம். அவனுக்குப் பாலிதீன் உறைக்குள் களிமண்ணைப் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன், தொடவில்லை. அலுமினியத் தாளைக் கொடுத்தேன், அதைச் சதுரமாக மடித்துக்கொண்டே இருந்தான். கடைசிவரை அவன் தண்ணீருக்குள் விரல் வைக்கவே இல்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அரும்பில் இருந்த 5 வயதுப் பிள்ளைகளிடம் ஆறாவது வாரம் புதுப் பொருள்களைக் கொடுத்துக் கேட்டபோதும் “பெருசு மூழ்கும்” என்றுதான் சொன்னார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. சொன்ன கையோடு, போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள்.

நேரம் உண்மையான சிக்கல். ஒரு பாடத்துக்கு ஆறு வாரம் என்றால் மற்ற பாடங்கள் நெருக்கும். மொழிக்கும் கணக்குக்கும் ஒதுக்கிய நேரத்தில் கை வைக்க முடியாது. நாற்றை எண்ணுவதைக் கணக்கிலும், தாத்தாவுக்கு நன்றிக் கடிதம் எழுதுவதைத் தமிழிலும் சேர்த்துச் சமாளித்தேன். ஒலி பற்றிய பாடத்தை மூன்றே நாளில் முடிக்க வேண்டியதாயிற்று. டப்பா வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, மேலே ரவையைத் தூவி, பக்கத்தில் தட்டைத் தட்டினால் ரவை குதிக்கும். ஊதிய பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பறைச் சத்தத்தை முதலில் கண்டுகொண்டது டிராக்டர்காரர் மகன்தான். அதை வைத்து இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாம்.

கல்லையும் தள்ளுதா?

ஆறாவது வாரக் கடைசியில் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். பூக்காரம்மா மகள் கையில் ஒரு ஜல்லிக் கல். “கல்லையும் தண்ணி தள்ளுதா டீச்சர்?”

“நீ என்ன நினைக்கிற?”

“தள்ளும். ஆனா பத்தாது.”

நான் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். கருங்கல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீருக்குள் இழந்துவிடும் என்று நான் படித்திருக்கிறேன். மூழ்குகிற பொருளையும் தண்ணீர் தள்ளத்தான் செய்கிறது என்று அந்த அறையில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

பெரிய ஜல்லியாக ஒன்றை எடுத்து நூலில் கட்டி, நூலை ஒரு ரப்பர் பேண்டில் மாட்டினோம். பூக்காரம்மா மகள் ரப்பரின் மேல் முனையைப் பிடித்துக்கொண்டாள். கல் தொங்கியது, ரப்பர் நீண்டது. டிராக்டர்காரர் மகன் அதன் நீளத்துக்கு ஒரு சணல் துண்டை வெட்டினான். மெல்ல இறக்கினாள். கல் முழுசும் தண்ணீருக்குள் போனதும் ரப்பர் சுருங்கியது. அவன் இரண்டாவது துண்டை வெட்டி, இரண்டையும் அவள் கையில் கொடுத்தான். அவள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நுனியைத் தடவிப் பார்த்தாள். டீக்கடை வீட்டுப் பையன் பெஞ்சுக்குப் பக்கத்தில் விரலைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஒரு தட்டா இரண்டு தட்டா என்று அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பாடக்குறிப்பேட்டை எடுத்தேன். மேலே ‘மிதப்பவை, மூழ்குபவை’ என்று எழுதியிருந்தது. அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் ‘தண்ணீர் தள்ளுகிறது’ என்று எழுதினேன்.